பொருள்: தெர்மோபாரிக் ராக்கெட் லாஞ்சர் – தமிழில்? (வெள்ளிக்குள் வேண்டும்)
(கலைச்சொல் குழு மடல்கள்; எழுதுபவர்கள் ஊர்ப்பெயரில்)

லாசுப்பேட்டை:
வணக்கம். இளங்கலைப் பாதுகாப்பியல் பாடநூல் வெள்ளியன்று அச்சகம் போகிறது. ரஷ்யாவின் டோஸ்-1ஏ என்ற தெர்மோபாரிக் ராக்கெட் லாஞ்சர் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது. டி-72 டாங்கியின் உடல்மேல் 24 குழல்கள், 220 மி.மீ. விட்டம், எட்டும் தொலைவு சுமார் 6 கி.மீ. இதற்கு முந்தைய டோஸ்-1க்கு 30 குழல், தொலைவு 3.5 கி.மீ.தான். மொழிபெயர்ப்பாளர் 'வெற்றிடக் குண்டு ஏவி' என்று போட்டிருக்கிறார். 2022இல் உக்ரைன் போர்ச் செய்திகளில் புழங்கிய சொல். எனக்கு உறுத்துகிறது. வேறு தாருங்கள். ஒரே பத்தியில் ஐந்து முறை வரும், நீளம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலூர் முதுநகர்:
உறுத்த வேண்டியதுதான். வழக்கமான வெடிமருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே சுமக்கிறது. அழுத்தம் ஊசிபோல் ஏறி உடனே இறங்கிவிடும். தெர்மோபாரிக் கணையில் எரிபொருள் மிகுதி, பெரும்பாலும் அலுமினியத் தூள் சேர்ந்திருக்கும். சுற்றியுள்ள காற்றை எடுத்துக்கொண்டு எரிகிறது. உச்ச அழுத்தம் குறைவு, நீடிப்பது அதிகம். கொல்வது அந்த நீடிப்பு. நிலவறையிலும் பதுங்குகுழியிலும் அலை சுவரில் மோதித் திரும்பத் திரும்ப வரும், முடுக்குகளிலும் புகும். செவிப்பறையும் நுரையீரலும் கிழியும். திறந்த வெளியில் இதே கணைக்கு வீரியம் குறைவு. அலைக்குப் பின்னால் வரும் தாழ்வழுத்தம் எல்லா வெடிப்பிலும் உண்டு. அந்த வாலைப் பிடித்து 'வெற்றிடம்' என்று பெயர் வைத்தால் மாணவர்கள் காற்றை உறிஞ்சிக் கொல்லும் குண்டு என்று தேர்வில் எழுதுவார்கள்.

சிப்காட் தொழிற்பேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் வரும் 'ஆவிமேக வெடிப்பு' இதற்கு ஆகாது. அது பழைய எரிபொருள்–காற்றுக் குண்டுக்குப் பொருந்தும். முதல் வெடி நீர்மத்தை மேகமாகப் பரப்ப, இரண்டாவது அதைப் பற்றவைக்கும். பலத்த காற்றில் மேகம் கலைந்தால் பாதி வேலை கெட்டுவிடும். என் சொல்: வெப்பழுத்த எறிகணை.

திருப்பாதிரிப்புலியூர்:
'வெப்பழுத்த' என்கிறீர்கள்.
எந்த இலக்கணத்தில் ஐயா? வெப்பம் + அழுத்தம். நன்னூல்படி மகரம் அழிந்து 'வெப்ப' என உயிரீறாய் நிற்கும். வகர உடம்படுமெய் பெற்று 'வெப்பவழுத்தம்' என்றாகும். நீங்கள் ஓர் அகரத்தை விழுங்கிவிட்டீர்கள். அதுவும் போகட்டும், தொகை எது? வெப்பமும் அழுத்தமும் என உம்மைத்தொகையா, வெப்பத்தால் ஆன அழுத்தமா? சொல்லைப் பார்த்தால் தெரியவில்லை.

புதிதாய் ஒட்டுப்போடுவானேன்? தொல்காப்பியப் புறத்திணையியலில் வஞ்சித்துறை ஒன்று 'எரிபரந்தெடுத்தல்'. அதிலிருந்து 'எரிபரப்பி'. சிலம்பின் அடைக்கலக் காதையில் மதுரை மதிற்பொறிகளை அடுக்கும்போது 'கல்லுமிழ் கவண்' வருகிறது. 'அழலுமிழி' என்றாலும் ஒக்கும். அதே பட்டியலில் கொதிக்கும் எண்ணெய்கூட உண்டு.

முதுநகர்:
எரிபரந்தெடுத்தல் பகைவர் ஊரைக் கொளுத்துவது. இங்கே தீ இரண்டாம் பட்சம். எண்ணெயைக் கணக்கில் சேர்த்தால் நம் வடைச்சட்டியும் படைக்கலம்தான்.

நெல்லித்தோப்பு:
ரஷ்யர்கள் புலவர் ஐயா பக்கம் என்பதைச் சொல்லியாக வேண்டும். டோஸ் என்பதன் விரிவே 'கனரகத் தீயெறி அமைப்பு'. அதை வைத்திருப்பதும் பீரங்கிப் படை அல்ல. கதிர்வீச்சு, வேதியியல், உயிரியல் பாதுகாப்புப் பிரிவு. தோளில் வைத்துச் சுடும் ஷ்மெல் (93 மி.மீ., 11 கிலோ) 'காலாட்படைத் தீயெறி'. துறைப் பிரிவினையில் வந்த பெயர்கள் இவை. அப்படியே தமிழாக்கினால், குழாயில் தீப்பிழம்பைப் பீய்ச்சும் பழைய கருவிதான் மாணவர் கண்முன் வரும். சட்டச் சிக்கலும் உண்டு. 1980ஆம் ஆண்டு மரபுப் படைக்கல உடன்படிக்கையின் 3ஆம் நெறிமுறை, தீமூட்டுவதையோ சுட்டுக் காயப்படுத்துவதையோ முதன்மை நோக்கமாகக் கொண்டவற்றைத்தான் தீமூட்டு ஆயுதம் என்கிறது. பெயரிலேயே தீயை வைத்தால் அடுத்த இயலோடு முட்டும்.

ஒரு கிளைச்செய்தி. டோஸ்-1இன் செல்லப்பெயர் 'புராத்தினோ', நீள மூக்கு மரப்பொம்மைப் பையன். 1ஏ 'சுடுவெயில்'. நாமும் 'கத்திரி' என்று வைத்துவிட்டுப் படுக்கலாம்.

வில்லியனூர்:
தெர்மோபாரிக்கில் உள்ள 'பாரிக்'குக்கு மூலமான பரோஸ் என்ற கிரேக்கச் சொல் நம் 'பாரம்'தானே? வெம்பாரம்! வெம்பாரக்கணை!

நெல்லித்தோப்பு:
இல்லை தம்பி. பாரம் வடசொல், கிரேக்கத்தில் அதற்கு உறவு 'சுமத்தல்' என்னும் பொருளுள்ள ஃபெரோ. பரோஸுக்கு வடமொழி உறவு, கனத்தைக் குறிக்கும் 'குரு'. தெர்மோவுக்கு உறவு வெம்மையைச் சுட்டும் 'கர்ம'. ஊழ்வினைக் கர்மம் வேறு, அதை இழுக்காதீர்கள்.

வில்லியனூர்:
சரி. ஈழத்தில் 'பல்குழல் எறிகணை' ஏற்கெனவே வழக்கில் உள்ளது. அழுத்தத்துக்கு அங்கே 'அமுக்கம்'. வெப்ப அமுக்கப் பல்குழல் எறிகணை செலுத்தி?

முதுநகர்:
முன்பாதி வேண்டாம். கடலூர் வகுப்பறையில் 'அமுக்கம்' என்றால் வாய் திறக்காத கள்ளன். பின்பாதி நல்ல சொல்.

லாசுப்பேட்டை:
வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்:

"எரிபரப்பி மறைவிடத்திலிருந்து முன்னேறி, 24 கணைகளையும் சில நொடிகளில் ஏவிவிட்டு உடனே பின்வாங்கும். கணைகளுக்கு வழிகாட்டும் கருவி இல்லை. புள்ளியை அன்றிப் பரப்பையே தாக்கும். பீரங்கிகளைவிட எட்டும் தொலைவு குறைவு என்பதால் டாங்கி எதிர்ப்பு ஏவுகணைக்கும் டிரோனுக்கும் எளிதில் சிக்கும். நிறைந்த குழலில் அடிபட்டால் வண்டியோடு வெடிக்கும். டாங்கிக் கவசம் அதனால்தான். மறுநிரப்பலுக்குப் பாரந்தூக்கி பொருத்திய துணை வண்டி வேண்டும்."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1999–2000 செச்சன்யாவின் குரோஸ்னி நகரப் போர் பற்றிய வரியில், நிலவறைகளில் இருந்தவர்களை 'எரிபரப்பி' கொன்றது என்றால் எரிந்து செத்தார்கள் என்று ஆகிறது. அழுத்தம் சொல்லில் இருந்தே தீர வேண்டும்.

வெள்ளி காலை, லாசுப்பேட்டை:
மறுப்புச் சொல்லிக் களைத்தவர்களை ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். 'வெப்ப அழுத்தப் பல்குழல் ஏவி'. முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'தெர்மோபாரிக்'. இடம் விட்டு எழுதியதால் உடம்படுமெய்ச் சண்டை தள்ளுபடி. தோளில் வைப்பதற்கு 'வெப்ப அழுத்தத் தோளேவி'.

திருப்பாதிரிப்புலியூர்:
இடைவெளி விட்டால் புணர்ச்சி இல்லை என்று எவர் சொன்னது? 'அழுத்தப்' என்று பகரம் மிகுந்திருக்கிறதே, அது மட்டும் எப்படி? ஒரு விதியை ஏற்று ஒன்றைத் தள்ளுகிறீர்கள். என் மறுப்பைப் பதிவு செய்க. படக்குறிப்பிலாவது எரிபரப்பி இருக்கட்டும்.

வில்லியனூர்:
'ஏவி' என்றால் ஏவுகிற ஆள் மாதிரி இல்லையா? 'ஏவுகலம்'?

லாசுப்பேட்டை:
பக்கங்கள் போய்விட்டன தம்பி.