பெத்பேஜ் நீலத் திடலில் பழைய குழிகள் எவை?

நியூயார்க் மாநிலத்தின் பெத்பேஜ் பூங்காவிலுள்ள நிறங்களால் பெயரிடப்பட்ட 5 பொது கோல்ஃப் திடல்களின் வடிவமைப்பை இரண்டு மாதங்களாக ஒப்பிட்டு எழுதிவரும் நான், நீலத் திடலில் சிக்கி நிற்கிறேன். கோல்ஃப் திடல் வடிவமைப்பாளர் டில்லிங்ஹாஸ்ட் 1930களில் அமைத்த கருப்புத் திடலும் சிவப்புத் திடலும் எனக்குத் தெளிவாகவே இருக்கின்றன. கருப்பில் பரந்த மணற்பள்ளங்களைக் குறுக்காகத் தாண்டி அடிக்க வேண்டும், சிவப்பின் முதல் குழியோ (குழி என்பது தொடக்க அடியிலிருந்து பந்து விழும் துளைவரையான ஆட்டப்பகுதி) நீண்ட ஏற்றத்தின் உச்சியில் முடிகிறது (கருப்பைவிடக் கடுமையான தொடக்கம் என்றே சொல்வேன்). ஆனால், 1958இல் வடிவமைப்பாளர் ஆல்ஃபிரட் டல் மஞ்சள் திடலை அமைத்தபோது, டில்லிங்ஹாஸ்டே அமைத்த நீலத்தின் சில குழிகள் அதனுள் சேர்ந்துவிட்டன. செயற்கைக்கோள் படங்களையும் மதிப்பெண் அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரு திடல்களிலும் ஆடியும் பார்த்தேன். பழையது எது, புதியது எது என்று பிரிக்க இயலவில்லை. இன்றைய நீலத் திடலில் டில்லிங்ஹாஸ்ட் காலத்துக் குழிகள் எவை என்பதை எண்களுடன் யாரேனும் தெரிவிக்க இயலுமா?