கொலுவுக்கு பாலிமர் க்ளே இட்லி, வடை: அசல் போல வர என்ன வழி?

கொலுப்படி:
இந்த நவராத்திரிக்குச் செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிபன் கடை வைக்க ஆசை. பாலிமர் க்ளேயில் (அவனில் சுட்டால் இறுகும் பிளாஸ்டிக் களிமண்) 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, இட்லி, மெதுவடை, சாம்பார் செய்கிறேன். உருவம் வந்துவிடுகிறது. ஆனால் இட்லி சாக்பீஸ் மாதிரி இருக்கிறது, வடையில் பொரித்த நிறமே இல்லை. அவனில் சுட்ட பிறகு அக்ரிலிக் பெயின்ட் அடிக்கிறேன். வேறு என்ன செய்யலாம்?

சின்னச்சட்டி:
பெயின்டை விடுங்கள். நிறம் சுடுவதற்கு முன்பே ஏற வேண்டும். சாஃப்ட் பேஸ்டல் (சாக்பீஸ் மாதிரியான வண்ணக் குச்சி) வாங்கி பிளேடால் சுரண்டி, அந்தப் பொடியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் இன்னும் சுடாத க்ளே மேல் தடவுங்கள். ஆயில் பேஸ்டல் வேண்டாம், பொடியாகாது.

வடைக்கு முதலில் முழுக்க மஞ்சள் காவி, அதன் மேல் ஆரஞ்சு கலந்த பழுப்பு. கரும்பழுப்பு மட்டும் மேடுகளிலும் ஓட்டையின் விளிம்பிலும். எண்ணெயில் அந்த இடங்கள்தானே முதலில் சிவக்கின்றன! ஒரு நிஜ வடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். எல்லா வடையும் ஒரே நிறத்தில் இருந்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும்.

இட்லிக்கு வெள்ளையை அப்படியே எடுக்காதீர்கள். வெள்ளையும் டிரான்ஸ்லூசென்ட் (ஒளி ஓரளவு ஊடுருவும்) க்ளேயும் பாதிக்குப் பாதி, அதில் கடுகளவு காவி மஞ்சள். வெளிச்சம் கொஞ்சம் உள்ளே போனால்தான் மாவு மாதிரித் தெரியும். நிஜ இட்லி 8 செ.மீ. என்றால் உங்களுக்குச் சுமார் 6.7 மி.மீ. வரும். நடுவில் உப்பலாக, ஓரம் மெல்லியதாக அழுத்தி, பழைய டூத் பிரஷ்ஷால் லேசாகத் தட்டுங்கள். அப்புறம் ஊசியால் அங்கங்கே துளை. வார்னிஷ் இட்லிக்குக் கூடவே கூடாது. வடைக்கு மட்டும் மிக லேசாக.

சாம்பாருக்கு லிக்விட் க்ளேயில் (திரவமாக வரும் பாலிமர் க்ளே) பேஸ்டல் பொடி கலந்தால் போதும். கறிவேப்பிலைக்குப் பச்சை க்ளேயைக் காகிதம்போல் தேய்த்துச் சுட்டு, பிறகு நறுக்கிப் போடுங்கள்.

வெள்ளி_டபரா:
சூட்டையும் கவனியுங்கள். ஓடிஜி (சின்ன மின்சார அவன்) முள் காட்டுவதை நம்பாமல் உள்ளே ஒரு அவன் தெர்மாமீட்டர் வையுங்கள். ஃபிமோ பிராண்ட் க்ளேவுக்கு 110 டிகிரி செல்சியஸ், 30 நிமிடம். மற்ற பிராண்டுகளுக்கு உறையில் பார்க்கவும். பாலிமர் க்ளே என்பது பிவிசி பிளாஸ்டிக், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஜன்னலைத் திறந்து வைத்துச் சுடுங்கள். டிரான்ஸ்லூசென்ட் சூடு கூடினால் பழுப்பேறும், அதனால் மேலே அலுமினியத் தாள் மூடி வையுங்கள்.

கொலுப்படி:
இருவருக்கும் நன்றி! இன்றே பேஸ்டல் வாங்குகிறேன். ஃபில்டர் காபி நுரைக்கு?

சின்னச்சட்டி:
உலோக டம்ளரில் பழுப்பு லிக்விட் க்ளே ஊற்றிச் சுடுங்கள். அதன் மேல் வெள்ளையும் துளி பழுப்பும் சேர்த்த கெட்டியான கலவையை வைத்து, ஊசி முனையால் குத்திக் குத்திக் குமிழாக்கி மறுபடி சுடுங்கள். நுரை ஒரு பக்கம் கூடுதலாக இருக்கட்டும், அதுதான் ஆற்றி ஊற்றிய காபி.