கடலை மிட்டாயில் இருப்பது எந்தக் கடலை? சொற்பொருள் விளக்கம் தேவை

இழையைத் தொடங்கியவர் (உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்):
வணக்கம். தொடக்கநிலை 5இல் பயிலும் என் மகள், பிடித்த தின்பண்டத்தைப் பற்றி வகுப்பில் பேசுவதற்குக் கடலை மிட்டாயைத் தேர்ந்தெடுத்தாள். அகராதிச் செயலியில் ‘கடலை’ என்று தேடியபோது கொண்டைக்கடலையே முதலில் வந்ததால், ‘கொண்டைக்கடலையில் செய்த இனிப்பு’ என்று எழுதிவிட்டாள். ஆசிரியர் அதைச் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பித் தந்தார். ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமனாரோ, கடலை என்றாலே கொண்டைக்கடலைதான், பேத்தி எழுதியதில் பிழையில்லை என்கிறார். தேக்காவில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால், தோல் நீங்கி இரண்டாகப் பிளந்த நிலக்கடலைப் பருப்புகள்தாம் வெல்லப்பாகில் இறுகிக் கிடக்கின்றன; போதாக்குறைக்கு மேலுறையில் ‘கடலை பர்பி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் திருத்தி எழுத வேண்டும். யாரேனும் விளக்க முடியுமா?

மறுமொழி 1 (சிராங்கூன்வாசி):
‘வறுத்த நிலக்கடலையை வெல்லப்பாகில் சேர்த்துச் செய்த இனிப்பு’ என்று எழுதச் சொல்லுங்கள். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் நிலக்கடலையில் செய்வதுதான்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
ஆசிரியர் சுழித்தது சரிதான். ஆனால் உங்கள் மாமனாரையும் எளிதில் தள்ளிவிட முடியாது. நிலக்கடலை தென்னமெரிக்காவைச் சேர்ந்த பயிர்; கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்தபோது, ஏற்கெனவே தெரிந்த கடலையின் பெயரையே அதற்கும் கொடுத்து, மண்ணுக்குள் காய்ப்பதால் ‘நிலம்’ என்றும் ‘வேர்’ என்றும் முன்னொட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். தெலுங்கிலும் கொண்டைக்கடலைக்குரிய ‘செனக’ என்னும் சொல்லோடு வேரைச் சேர்த்து ‘வேருசெனக’ என்றார்கள். இந்தியில் பாசிப்பயற்றைத் துணைக்கு அழைத்து ‘மூங்பலி’ என்றார்கள். இரண்டும் அவரைக் குடும்பத்துச் செடிகளே என்பதால், பெயர் வைத்தவர்களின் கண் பழுதில்லை. நாளடைவில் முன்னொட்டு உதிர்ந்து, மிட்டாய் என்ற சொல்லுக்கு முன்னால் வெறும் கடலையே நின்றுவிட்டது.

‘மிட்டாய்’ இந்தியின் ‘மிட்டாயி’யிலிருந்து வந்தது, அதன் வேர் வடமொழியின் ‘மிருஷ்ட’ என்பது. மிருஷ்டான்ன போஜனம் என்கிறோமே, அந்த மிருஷ்டம்தான். ‘பர்பி’யோ பனியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லான ‘பர்ஃப்’ என்பதிலிருந்து, வெண்ணிறப் பால் இனிப்புக்கு முதலில் அமைந்த பெயர். வெல்லப்பாகின் செம்பழுப்பு நிறத்தில் பனியை எங்கே தேடுவது என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

ஒரு கேள்வி: உங்கள் மாமனாருக்கு எந்த ஊர்?

இழையைத் தொடங்கியவர்:
மிக்க நன்றி, ஐயா. விழுப்புரம் பக்கம்.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
நினைத்தேன். அந்தப் பக்கத்தில் நிலக்கடலையை ‘மல்லாட்டை’ என்பார்கள். பிலிப்பீன்ஸின் மணிலாவை ஒட்டி வந்த ‘மணிலாக்கொட்டை’ என்ற பெயர் பேச்சில் தேய்ந்து அப்படியாயிற்று. மல்லாட்டைக்குத் தனிப்பெயர் இருக்கும்போது, அவருக்குக் கடலை என்பது கொண்டைக்கடலையாக மட்டுமே நிலைத்திருப்பதில் வியப்பில்லை.

மறுமொழி 3 (பிடோக் அண்ணன்):
மகள் பேசும்போது மலாய்ச் சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். நிலக்கடலை மலாயில் ‘கச்சாங் தானா’. கச்சாங் என்றால் கடலை, பயறு போன்றவை; தானா என்றால் மண், ஆகவே நம் சொல்லுக்கு நேர் இணை. நம்மவர்கள் திரையரங்கு வாசல்களில் விற்ற ‘கச்சாங் பூத்தே’ என்னும் கடலை நொறுக்குத்தீனியிலும் கொண்டைக்கடலையும் நிலக்கடலையும் பக்கத்துப் பக்கத்துத் தட்டுகளில் இருக்கும். எதைக் கேட்டாலும் காகிதக் கூம்பில் போட்டுத் தருவார்கள், இரண்டுமே கச்சாங்தான்.

இழையைத் தொடங்கியவர்:
இதையெல்லாம் படித்துக் காட்டியதும், “மல்லாட்டை மிட்டாய் என்றே எழுதட்டுமே” என்றார் மாமனார். மகள் ‘நிலக்கடலை’ என்று திருத்தி எழுதி, தாத்தாவின் சொல்லைப் பேச்சின் தொடக்கத்துக்கு எடுத்து வைத்திருக்கிறாள். வகுப்புக்கென்று வாங்கிய பொட்டலத்தில் இப்போது நான்கு துண்டுகளே மீதம். நாளை மீண்டும் தேக்காவுக்குப் போக வேண்டும்.