அறுப்பின் பண்டிகை வேலையில் சபையார் ஒன்றுசேர என்ன வழி?

கேள்வி: லிங்கராஜபுரம் சகோதரர்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெங்களூரின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு தமிழ்ச் சபையில் நான் பதினொரு ஆண்டுகளாக அங்கத்தினன். இந்த ஆண்டின் அறுப்பின் பண்டிகை (விளைச்சலுக்காக நன்றி செலுத்தும் சபை விழா) வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பைக் கமிட்டி என்னிடம் கொடுத்திருக்கிறது. பொறுப்பை ஏற்ற நாளிலிருந்து மனம் நிம்மதியாக இல்லை. அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் சபையாரை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. தண்டுப் பகுதி (ராணுவக் குடியிருப்பான கன்டோன்மென்ட்) உருவான காலம் தொட்டு அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் ஒரு கூட்டம். 2001-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின் கோலார் தங்கவயலை விட்டு இங்கே குடிவந்தவர்கள் இன்னொரு கூட்டம். கம்ப்யூட்டர் வேலைக்காகத் திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து வாடகை வீடுகளில் இருக்கும் நாங்கள் மூன்றாவது. "இரண்டு வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவார்கள், இவர்களை நம்பி எதைக் கொடுப்பது?" என்று எங்களைப் பற்றிச் சொல்கிறார்கள். "எங்கள் ஊர்ச் சபையில் இப்படிச் செய்ய மாட்டார்கள்" என்று நாங்களும் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். அது மற்றவர்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

சென்ற ஆண்டு ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியாகச் சாப்பாட்டுக் கடை போட்டது. வாசலுக்கு அருகே யார் கடை போடுவது என்பதில் வாக்குவாதம் தொடங்கியது. அதன்பின் பாத்திர அறையின் சாவி எங்களுக்குக் கிடைக்கவில்லை என்பதால், வாடகைக்கு அண்டா எடுத்துச் சமைத்தோம். ஆராதனை முடிவில் எந்தக் கடையில் எவ்வளவு வசூல் என்று தனித்தனியாக அறிவித்தபோது, தொகை குறைந்தவர்கள் தலைகுனிந்து வெளியேறினார்கள். இரண்டு குடும்பங்கள் இன்றுவரை ஒன்றோடொன்று பேசுவதில்லை. பிள்ளைகளோ ஒன்பதரை மணி ஆங்கில ஆராதனைக்குப் போகிறார்கள். தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்தில் வைத்துப் பாடும் அவர்களை நாற்காலி தூக்க மட்டுமே கூப்பிடுகிறோம்.

இந்த ஆண்டு சீட்டுக் குலுக்கி எல்லாரையும் கலந்து குழுக்களாகப் பிரித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் ஆலோசனை சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: முன்னாள் கமிட்டி அங்கத்தினர், விவேக்நகர்

சகோதரரே, சீட்டுக் குலுக்கும் முறையை எங்கள் சபையில் செய்து பார்த்தோம். பெயர் விழுந்தவர்களில் பாதிப் பேர் முதல் கூட்டத்துக்கே வரவில்லை. வந்தவர்களும் தங்களுக்குப் பழகியவர்களின் குழுவுக்கே மெல்ல நகர்ந்துவிட்டார்கள். பேசாமலிருக்கும் அந்த இரண்டு வீடுகளுக்கும், பண்டிகைப் பேச்சை எடுக்காமல், முதலில் ஒருமுறை போய்வாருங்கள். ஜெபித்துவிட்டுப் போங்கள். வேலைப் பிரிவினையை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

பதில் 2: தங்கவயல் மகள், கம்மனஹள்ளி

உங்கள் கேள்வியில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒன்றில்தான் என் மனம் நின்றது: பாத்திர அறையின் சாவி. சபையில் யார் சொந்தக்காரர், யார் விருந்தாளி என்பதைச் சொல்லாமல் சொல்வது அதுதான். பிரசங்க பீடத்திலிருந்து ஐக்கியத்தைப் பற்றி எத்தனை செய்தி கொடுத்தாலும், ஒரு கரண்டி எடுக்க மூன்று பேரிடம் அனுமதி கேட்க வேண்டியவருக்குத் தான் யார் என்பது நன்றாகவே தெரிந்திருக்கும்.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு வாசித்துப் பாருங்கள். எருசலேம் சபையில் எழுந்த அந்த முறுமுறுப்பு மொழியைச் சார்ந்தது. அன்றாட உதவியில் தங்கள் விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் எபிரெயர்மேல் குறைசொன்னார்கள். அப்போஸ்தலர்கள் முறுமுறுத்தவர்களைக் கண்டிக்கவில்லை. ஒற்றுமையாயிருங்கள் என்று சொல்லி அனுப்பிவிடவும் இல்லை. ஏழுபேரைத் தெரிந்துகொள்ளும்படி சபையாரிடமே விட்டார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா என்ற அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். பெயரை மட்டும் வைத்து ஒருவரின் பூர்வீகத்தை முடிவுசெய்ய முடியாது. யூதர்களிலும் கிரேக்கப் பெயர் உடையவர்கள் இருந்தார்கள். ஆனாலும் குறைசொன்ன தரப்பின் கையிலேயே பந்தி விசாரணையை, அதாவது சபை முழுவதன் விதவைகளுக்கான பொறுப்பை, ஒப்படைத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த வசனமே தேவவசனம் விருத்தியடைந்ததையும் சீஷரின் தொகை பெருகியதையும் சொல்கிறது.

என் தகப்பனார் சுரங்கத்தில் வேலை செய்தவர். கீழே இறங்கும் கூண்டில் பக்கத்தில் நிற்பவர் எந்தச் சபை, எந்த லைன் வீடு (தொழிலாளர் வரிசை வீடு) என்று யாரும் பார்ப்பதில்லை என்பார். பாறை வெடித்துச் சரியும் இடத்தில், மேலே தாங்குமரம் வைத்தவரை நம்பித்தான் கீழே நிற்பவர் வேலை செய்ய வேண்டும். அந்த நம்பிக்கை அவர்களுக்குக் கூட்டங்களில் பேசி வந்ததன்று. ஒருவர் உயிரை மற்றவர் கையில் கொடுத்து வேலைசெய்ததால் வந்தது. (சுரங்கம் மூடியபின் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தவர்களிடமும் இந்தக் குணத்தைக் கண்டிருக்கிறேன், ஒருவர் வராவிட்டால் அன்று இரவே அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.)

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன் இதைச் செய்தோம். பலகாரக் கணக்கைப் பற்றி அதிகம் குறைசொன்ன சகோதரியிடமே கணக்குப் புத்தகத்தையும் பணப்பெட்டியையும் கொடுத்தோம். முதல் ஆண்டு கஷ்டமாகவே இருந்தது. பழைய பொறுப்பாளர் மனம் நொந்து சில மாதங்கள் சங்கத்துக்கே வரவில்லை. அவர் வராமல் போனதில் என் தவறும் உண்டு. அவரிடம் முன்கூட்டியே போய்ப் பேசாமல் கூட்டத்தில் திடீரென்று அறிவித்துவிட்டோம். ஆனால் இன்று முறுக்கு மாவு பிசையும் நாளில் மூன்று கூட்டத்துப் பெண்களும் ஒரே தரையில் உட்காருகிறார்கள்.

ஆகவே குழுக்களைக் கலப்பதைவிட, சாவி, கணக்கு, கடைக்கு இடம் ஒதுக்குவது ஆகிய மூன்றும் யார் கையில் இருக்கின்றன என்பதை முதலில் பாருங்கள்.

பதில் 3: அல்சூர் பெரியவர்

தம்பி, உங்கள் தகப்பன் வயது இருக்கும் எனக்கு, உரிமையோடு எழுதுகிறேன். சகோதரி எழுதியதில் பெரும்பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் சாவி வைத்திருப்பவர் பக்கத்து நியாயத்தையும் யாராவது சொல்ல வேண்டும். பண்டிகை முடிந்தபின் கழுவாமல் கிடந்த அண்டாக்களை இரவு பத்து மணிக்கு உட்கார்ந்து கழுவியவர்கள், காணாமல் போன தேக்சாவுக்கு (பெரிய சமையல் பாத்திரத்துக்கு)த் தங்கள் கைக்காசைக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் பிறகு சாவியைத் தங்களிடம் வைத்துக்கொள்கிறார்கள். அவரைக் கடந்து சாவியைக் கைமாற்றினால் ஒரு காயத்தை ஆற்ற இன்னொரு காயம் உண்டாகும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும், எடுத்ததையும் வைத்ததையும் எழுத ஒரு நோட்டு இருக்கட்டும்.

தனிக்கடைகளையும் ஒழித்துவிடாதீர்கள். நாகர்கோவில் வீட்டுச் சமையலும் தங்கவயல் பிரியாணியும் ஒரே மைதானத்தில் கிடைப்பது சபைக்குக் கிடைத்த செல்வம். தென்னிந்திய திருச்சபை எப்படி உருவானது என்பதை நினைத்துப் பாருங்கள். 1919-இல் தரங்கம்பாடியில் கூடிய வெவ்வேறு சபைகளின் ஊழியர்கள் சபைகளின் இணைப்பைப் பற்றி வெளிப்படையாக எழுதி அழைப்பு விடுத்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா அதில் முன்நின்றவர். ஆனால் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் இணைப்பு நிறைவேறியது 1947 செப்டம்பர் 27 அன்றுதான். இருபத்தெட்டு ஆண்டுகள் பேசினார்கள். அசரியா அதைக் காணாமலே 1945-இல் மறைந்துவிட்டார். பேராயர் கையால் அபிஷேகம் பெறாத போதகர்களின் ஊழியத்தை எப்படி ஏற்பது என்பது அவர்களுக்குள் இருந்த பெரும் முடிச்சு. அதற்காக ஒருவரையும் மறுபடி அபிஷேகம் பெறச் சொல்லவில்லை. தாங்கள் பழகியிராத ஆராதனை முறையையோ ஊழியத்தையோ மனச்சாட்சிக்கு விரோதமாக எந்தச் சபையின்மேலும் சுமத்துவதில்லை என்று உறுதிமொழி கொடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை என்ற மூன்றும் தத்தம் பழக்கங்களோடு ஒரே குடும்பமானது அப்படித்தான்.

எனவே நீங்கள் நிறுத்த வேண்டியது கடைவாரியாக வசூலை வாசிக்கும் பழக்கத்தை. எல்லாம் ஒரே பெட்டியில் விழட்டும்; மூன்று கூட்டத்திலிருந்தும் ஒவ்வொருவர் உட்கார்ந்து எண்ணட்டும்; மொத்தத் தொகையை மட்டும் ஆராதனையில் அறிவியுங்கள்.

கேட்டவரின் பதில்: லிங்கராஜபுரம் சகோதரர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டுக் குலுக்கும் எண்ணத்தைக் கைவிட்டேன். மொத்த வசூலை மட்டும் அறிவிப்பதற்குக் கமிட்டி நேற்று ஒப்புக்கொண்டது. கடைகளின் இடத்தை மூன்று பேர் சேர்ந்து முடிவுசெய்வார்கள். பேசாத இரண்டு குடும்பங்களில் ஒரு வீட்டுக்குப் போய்வந்தேன். மற்ற வீட்டில் இன்னும் கதவு திறக்கவில்லை.

ஐயா எழுதியதை வாசித்தபின், பாத்திர அறையைக் கவனிக்கும் பெரியவரை அவர் வீட்டில் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு பழைய நோட்டை எடுத்துக் காட்டினார். எந்த அண்டாவை எந்த ஆண்டில் யார் நினைவாக யார் கொடுத்தார்கள் என்று பக்கம் பக்கமாக அவர் கையெழுத்தில் இருந்தது. பாத்திரங்களின் விளிம்பிலும் அந்தப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன; அவற்றில் ஒன்று அவருடைய மனைவியின் பெயர். பதினொரு ஆண்டுகளாக அந்தப் பாத்திரங்களில் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் விளிம்பைப் பார்த்ததில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இரண்டாவது சாவியை ஆங்கில ஆராதனைக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தியிடம் கொடுக்கலாம் என்று அவரே சொன்னார். பொறுப்பான பெண் என்பது அவர் எண்ணம். அவளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அதனால் வரும் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவர் நோட்டை வாசித்துச் சொல்ல, அவள் தனக்குத் தெரிந்த எழுத்தில் இன்னொரு பிரதி எழுதப்போகிறாள். தங்கவயல் குடும்பங்களிலிருந்து ஒரு அண்ணனையும் அழைத்திருக்கிறேன்; பாத்திரங்களை இறக்கி வைக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.