புயல் அறிவித்தல் வந்தாலே நடுங்குற எங்கட ஆக்கள்: உங்கட வீட்டிலயும் இருக்கினமா?

கட்டைபறிச்சான் பிள்ளை:
2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் திரியாய், குச்சவெளிப் பக்கத்தால கரை ஏறினது திருமலையில (திருகோணமலை) எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். பயந்த அளவுக்குச் சேதம் வரேல்ல. விடிஞ்சதும், இரவு தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில இருந்து சனம் வீட்டுக்குப் போயிட்டுது. எங்கட பெரியம்மா மட்டும் வரமாட்டன் எண்டு வகுப்பறைத் தூணைப் பிடிச்சுக்கொண்டு இருந்தா.

அவ சம்பூர். 2006இல போர் நேரம் செல்லடிக்குள்ளால (எறிகணை) ஓடி, வாகரை தாண்டி மட்டக்களப்பு, பிறகு கிளிவெட்டி முகாம். ஊர்க்காணி திரும்பக் கிடைக்கத் தொடங்கினது 2015இல தான். அவ்வளவு மாரியும் தறப்பாளுக்கையும் தகரத்துக்கையும் போனது. புரெவிக்குப் பிறகு காத்து எழும்பினாலே காணி உறுதியும் ஐடென்டிகாட்டும் இருக்கிற பையை மடியில வச்சு விடிய விடிய இருப்பா. தகரம் அடிபட்டா, “பிள்ளையளக் கூப்பிடு, செல் வருது” எண்டு கத்துவா. அந்தப் பிள்ளையள் கல்யாணம் கட்டி வேற ஊரில இருக்கினம். பார்வை பார்த்தம், நூல் கட்டினம், குறையேல்ல. உங்கட வீடுகளில என்ன செய்தனீங்கள்?

நிலாவெளிக் கடலோடி:
எங்கட அண்ணனுக்கு இதே நிலைமை. 2004 சுனாமிக்குப் பிறகு, கரையில இருந்து 200 மீற்றருக்குள்ள வீடு கட்டக்கூடாது எண்டு கிழக்கில சட்டம் வந்ததெல்லோ. அவையை உள்பக்கம் வீட்டுத்திட்டத்துக்கு அனுப்பிட்டினம். பாதுகாப்பு எண்டுதான் எல்லாரும் நினைச்சம். ஆனா கரையில இருக்கேக்க, இரவில பயம் வந்தா எழும்பிப் போய்க் கடலைப் பாப்பான், தண்ணி நிண்ட இடத்தில நிண்டா திரும்பி வந்து படுப்பான். இப்ப கடல் கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் கேக்கும். பாத்துத் தெளிய வழியில்ல. கார்த்திகை வந்தா தொழிலுக்கே போகமாட்டான். பஞ்சிக்காரன் எண்டு சனம் கதைக்கேக்க எனக்கு நெஞ்சு எரியும். அவன் மாதிரி உழைச்சவன் எங்கட வாடியில ஒருத்தரும் இல்ல.

ஒர்லாண்டோவில திருமலையான்:
நிலாவெளித் தம்பி சொன்ன மாதிரி, இடம் மாறினா பயம் கூடுறதை நான் இங்க ஃப்ளோரிடாவில கண்ணால கண்டனான். 2017 செப்டெம்பர் 20 மரியா சூறாவளி கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவை அடிச்சது. இறந்தவை 64 பேர் எண்டு முதல் சொல்லி, அடுத்த வருசம் 2,975 எண்டு அரசாங்கமே திருத்தினது. மாசக்கணக்கா மின்சாரம் இல்லாமல் கனபேர் ஃப்ளோரிடா வந்தவை. என்னோட வேலை செய்த அக்கா ஒராளும் அப்படி வந்தவ. மழை இருட்டினா அவவுக்குக் கை நடுங்கும். அவவின்ர தாய் அங்கேயே நிண்டவ, கூரையில்லாத வீட்டில அயலவையோட சேந்து சமைச்சு, மகளை விடக் கெதியாத் தேறிட்டா. இங்க வந்தவையிட்ட மனவடு அறிகுறி அங்க நிண்டவையை விடக் கூட எண்டு ஆய்விலயும் வந்தது. வாடகை, வேலை, மொழி, தனிமை எல்லாம் புயலுக்கு மேல வந்து ஏறுது.

மூதூர் உளவளத்துணை:
கன வருசமா முகாம்களில வேலை செய்தனான், அதால கொஞ்சம் விரிவா எழுதுறன். புயலுக்குப் பிறகு பயப்படுறது நோய் இல்ல, பெரும்பாலான ஆக்கள் தானாத் தேறிடுவினம். ஒரு மாசம் தாண்டியும் பழைய சம்பவம் திரும்ப நடக்கிற மாதிரி வாறது, கெட்ட கனவு, அந்த இடத்தையும் கதையையும் தவிர்க்கிறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுறது எண்டு நீடிச்சு, அண்டாட வாழ்க்கை குழம்பினா அது நெருக்கீட்டுக்குப் பின்னான மனவடு நோயா இருக்கலாம். எங்கட சனம் இதைப் பயம் எண்டு சொல்லி வராது. நெஞ்சு படபடப்பு, தலையிடி, கை கால் உளைவு எண்டு ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) வரும். ஈசிஜி சரியா இருக்கும், பனடோலோட திரும்பிப் போகும். காத்துக்கு நித்திரை வருதோ எண்டு ஒரு கேள்வி கேட்டாத்தான் மிச்சம் வெளிய வரும்.

முதல் நாளே நடந்ததெல்லாம் சொல்லச் சொல்லிக் கிளறக்கூடாது. சாப்பாடு, படுக்க இடம், சொந்தக்காரர் எங்க எண்ட தகவல், இதுகள்தான் முதல். நீடிச்சா, பயத்தைப் படிப்படியா எதிர்கொள்ள வைக்கிற பேச்சுச் சிகிச்சை இருக்கு, தேவை எண்டா டொக்டர் செர்ட்ரலின் மாதிரி மருந்தும் தருவார். நூல் கட்டுறதை நான் மறிக்கிறதில்ல, கட்டிக்கொண்டு கிளினிக்குக்கும் வாங்கோ. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எங்கட போர், சுனாமி அனுபவங்களை வச்சு எழுதினதை நான் நாளாந்தம் காணுறன்: குடும்பமும் ஊரும் கலையேக்க, ஆளைத் தேற்றுற உறவும் சேர்ந்து கலையுது.

கட்டைபறிச்சான் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. பெரியம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனம். அவ படுக்கிற அறைக்குத் தகரத்தைக் கழட்டி ஓடும் போட்டாச்சு, மழையிலயும் கொஞ்சம் நித்திரை கொள்ளுறா. பையை விடேல்ல, நாங்களும் பறிக்கேல்ல. இந்த மாரிக்குத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டி வந்தா, எங்கட ஒழுங்கைச் சனத்தை ஒரே வகுப்பறையில விடச் சொல்லி ஜீ.எஸ்ஸிட்ட (கிராம சேவகர்) இப்பவே கேட்டிருக்கிறம். மற்ற ஊர்க்காரரும் மழைக்கு முதல் கேட்டு வையுங்கோ. இரவில தனிய நிண்டு அந்தரப்படுற ஆக்கள் 1926க்கு அடிக்கலாம், இலங்கையின்ர தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் தமிழிலயும் கதைக்கலாம்.