அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய கடிதம்: ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியில் உங்களுக்கு நேர்ந்தது என்ன?

செம்பனைக்காடு
தீபாவளி விடுப்பில் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் வந்திருந்தேன். அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு ஆய்வு நிதி விண்ணப்பம் அனுப்ப 4 நாள்தான் பாக்கி. வெளிநாட்டுத் தொடர்புகளை மறைக்காமல் தெரிவிக்கச் சொல்லித்தரும் ஆய்வுப் பாதுகாப்புப் பயிற்சியில் நான் வாங்கிய சான்றிதழ் 12 மாதத்தைத் தாண்டிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும் என்று அமெரிக்காவில் என் பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல். ஒரு மணி நேரச் சுருக்கப் பாடம்தானே என்று கூடத்தில் உட்கார்ந்தேன். பதவிகளைத் தெரிவிக்கும் பகுதி வந்தது: சம்பளம் இல்லாவிட்டாலும், கௌரவப் பதவியே ஆனாலும் எழுத வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் எதிர்ச் சுவரில், மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில், இங்குள்ள கல்லூரி ஒன்று எனக்குக் கொடுத்த கௌரவ வருகைப் பேராசிரியர் கடிதம். 28 ஆண்டுகள் பால்மரம் சீவிய அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியது. அதற்காக ஒரு வெள்ளிகூட நான் வாங்கியதில்லை. அதனாலேயே 3 ஆண்டுகளாக என் தன்விவரத்தில் அது இல்லை. அன்றிரவே சேர்த்தேன். காப்பி கொண்டுவந்து வைத்த அப்பா, "என்னப்பா, அந்தக் கடிதத்தால் உனக்கு ஏதும் தொந்தரவா?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது.

குளுவாங் அக்கா
நான் இங்கேயே வேலை பார்ப்பவள். அமெரிக்க நண்பர் தம் விண்ணப்பத்தில் என்னை முதன்மை ஆய்வாளர்களில் ஒருவராகச் சேர்த்ததால் எனக்கும் பயிற்சி. வெளிநாட்டுக் கூட்டாளியிடம் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டே போகிறேன். பாதியில்தான் புரிந்தது, அந்த வெளிநாட்டுக் கூட்டாளி நான்தான். சான்றிதழை அச்செடுத்தேன். மறுநாள்வரை கோப்பில் வைக்க மனம் வரவில்லை.

லாபிஸ் தம்பி
அக்கா, இதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பயிற்சி அமெரிக்காவின் 2022-ஆம் ஆண்டு சிப்ஸ் மற்றும் அறிவியல் சட்டம் சொல்வது. அமெரிக்கருக்கும் இதே பாடம்தான். ஹார்வர்டு வேதியியலாளர் சார்லஸ் லீபர் சீனாவின் ஆய்வாளர் சேர்ப்புத் திட்டத்தோடு இருந்த தொடர்பை மறைத்துப் பொய் சொன்னதாக 2021-இல் குற்றவாளி என்று தீர்ப்பானது. நானும் போன மாதம் பயிற்சியை முடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. எல்லாரும் ஒன்று செய்யுங்கள்: உங்கள் பெயரோடு ஒட்டியிருக்கும் பதவிகளை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். இலவசமாகக் கிடைத்த ஆய்வுக்கூட இடம், வெளியார் பணத்தில் உங்களிடம் வேலை செய்யும் மாணவர், இவற்றையும் விடாதீர்கள். சந்தேகம் வந்தால் பல்கலைக்கழக ஆய்வு அலுவலகத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல் பிறகு நிற்காது. சான்றிதழ் தேதியை நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

குளுவாங் அக்கா
தம்பி, லீபரைச் சொன்னீர்கள், எம்ஐடி பேராசிரியர் கேங் சென் என்பவரை விட்டுவிட்டீர்களே. சீனத் தொடர்பை மறைத்தார் என்று அவரையும் 2021 ஜனவரியில் கைது செய்தார்கள். 2022 ஜனவரியில் வழக்கையே கைவிட்டார்கள். அந்த ஓராண்டை அவருக்கு யார் திருப்பிக் கொடுப்பது? விதி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. படிக்கும்போது வலித்தது என்றுதான் சொன்னேன்.

செம்பனைக்காடு
அக்கா சொல்வது எனக்குப் புரிகிறது. பழைய விண்ணப்பங்களில் விட்டுப்போனதையும் அலுவலகத்துக்கு எழுதிவிட்டேன். இன்னும் பதில் இல்லை. அப்பா தினமும் தொலைபேசியில் கேட்கிறார், கடிதத்தைக் கழற்றிவிடட்டுமா என்று.