சம்பாவுக்குப் பின் உளுந்து: இயந்திர அறுவடைக்கு மாறிய வயல்களில் விளைச்சலை உயர்த்துவது எப்படி?

குமராட்சி விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். காட்டுமன்னார்கோயில் வட்டத்தில், வீராணம் பாசனத்தில் எங்கள் குடும்பத்துக்குக் களிமண் நஞ்சை உள்ளது. சம்பா அறுவடைக்கு முன் தை மாதத்தில் உளுந்து தெளிப்பது எங்கள் பகுதியின் வழக்கம். ஆள் வைத்துக் கதிர் அறுத்த காலத்தில் நன்றாக விளைந்த அதே வயலில், இயந்திரத்துக்கு மாறிய பிறகு செடிகள் திட்டுத்திட்டாகவே நிற்கின்றன. பூக்கும் தருணத்தில் டிஏபி (தழை, மணிச்சத்து உரம்) கரைசல் தெளித்தும் பயனில்லை. உரத்தைக் கூட்ட வேண்டுமா, அல்லது ஆடுதுறை 3 உளுந்து ரகத்தை மாற்ற வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

சிதம்பரம் வாசகர்:
வணக்கம் ஐயா. உரத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஒரு சதுர மீட்டரில் எத்தனை செடிகள் நிற்கின்றன என்று வயலின் பல இடங்களில் எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழ 33 செடிகள் இருக்க வேண்டிய இடத்தில் பாதிதான் இருக்குமானால், எந்தக் கரைசலும் அந்தக் குறையை ஈடு செய்யாது. நெல் தரிசு உளுந்துக்கு, அதாவது நிற்கும் நெல்லுக்குள் தெளித்து அறுவடைக்குப் பின் வளரும் உளுந்துக்கு, வழக்கமாக உழவும் கிடையாது, பாசனமும் கிடையாது. மண்ணில் எஞ்சிய ஈரமும் பனியும்தான் அதன் முதலீடு என்பதால், விளைச்சலின் பெரும்பகுதி விதைக்கும் வாரத்திலேயே முடிவாகிவிடுகிறது.

கையறுப்புக்கு 7 முதல் 10 நாட்கள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் (சேறாகவும் இல்லாமல் காய்ந்தும் போகாமல்) இருக்கும்போது தெளிப்பது சரியாக இருந்தது. இயந்திரம் இறங்கும் வயலில் அந்த இடைவெளி அதிகம். ஏனெனில் இலை விட்ட செடியின் மேல் சக்கரம் ஏறினால் அது பிழைப்பதில்லை. அறுவடைக்கு 4 அல்லது 5 நாட்கள் முன்பு தெளியுங்கள். ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ என்ற அளவைவிடச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். டயரில் ஓடும் அறுவடை வண்டியைவிட, சக்கரத்துக்குப் பதில் பட்டையில் ஓடும் பெல்ட் வண்டி மண்ணைக் குறைவாக அழுத்துகிறது. வாடகை கூடினாலும் அதையே அமர்த்துவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நீரை முன்கூட்டியே வடித்து, வயலில் சேறு இல்லாத நிலையில் வண்டியை இறக்குங்கள். தடம் ஆழமாகப் பதிந்த இடத்தில் விதை புதைந்து அழுகிவிடும்.

விதை நேர்த்தியை விடாதீர்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (வேர் அழுகலைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கலந்து வைத்து, பின்னர் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து நிழலில் உலர்த்தினால் போதும்.

பாகூர் விவசாயி:
நெல்லின் வயதையும் கவனியுங்கள். சிஆர் 1009 போன்ற 155 நாள் நெல் ரகம் நட்டால், உளுந்து விதைப்பு தள்ளிப்போய், அது பூக்கும்போது வெயில் ஏறி, களிமண் வெடித்து, வேர் அறுபடுகிறது. 135 நாட்களுக்குள் முடியும் ரகத்துக்கு மாறினால் தை முதல் பாதியிலேயே விதைப்பு முடியும். எங்கள் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு இருப்பதால், பூக்கும் முன்பும் காய் பிடிக்கும்போதும் ஒரு நனைப்புக் கொடுக்க முடிகிறது. ஆனால் தண்ணீர் தேங்கினால் செடி மஞ்சளித்துவிடும்.

ரகத்தைப் பொறுத்தவரை, ஆடுதுறை 3 மஞ்சள் தேமல் என்ற வைரஸ் நோய்க்கு எளிதில் இலக்காகும். தரிசுக்கென்றே வந்த ஆடுதுறை 6, நோயைத் தாங்கும் வம்பன் 8 ஆகியவற்றைச் சிறிய பரப்பில் முதலில் பாருங்கள். விதை இருப்பை விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

குமராட்சி விவசாயி:
இருவருக்கும் நன்றி. இயந்திரம் வரிசையாகப் போட்டுச் செல்லும் வைக்கோலுக்கு அடியில் செடிகள் வெளுத்து நீண்டுவிடுகின்றன. அதற்கு என்ன செய்வது?

சிதம்பரம் வாசகர்:
வைக்கோல் கட்டும் இயந்திரத்தை உடனே இறக்க முடிந்தால் இறக்குங்கள். தாமதமாகுமானால் அது மீண்டும் செடிகளை மிதிக்கும் என்பதால், ஆள் வைத்து மெல்லியதாகப் பரப்பி விடுவதே மேல், ஈரமும் காயாமல் நிற்கும். செடி எண்ணிக்கை சரியான பிறகு டிஏபி தன் பலனைக் காட்டும்: ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கி, பூக்கத் தொடங்கும்போதும் 15 நாட்கள் கழித்தும் தெளிக்க வேண்டும். இதற்கு மாற்றாக, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ‘பயறு ஒண்டர்’ என்ற சத்துக் கலவையை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் பூக்கும் பருவத்தில் ஒருமுறை தெளிக்கலாம். இரண்டும் சேர்த்துத் தேவையில்லை.

இன்னொன்று, பக்கத்து வயல்காரர்களுடன் பேசி ஒரே வாரத்தில் விதையுங்கள். தனியாக ஒரு வயலில் மட்டும் உளுந்து நின்றால், அறுவடை முடிந்த வயல்களில் மேய விடப்படும் மாடுகளிடமிருந்து அதைக் காப்பது மிகவும் கடினம்.